வீடு கட்டி விற்பவரை எப்படி நம்புவது? குமரி மாவட்டத்தில் ஃபிளாட், வில்லா வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் இருப்பது நாகர்கோவிலில். வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் ஊரில் வீடு வாங்க நினைத்தால், "நீ ஒரு தடவை போய்ப் பார்த்துச் சொல்லேன்" என்று போன் செய்வார்கள். அப்படிப் பத்துப் பன்னிரண்டு இடங்களுக்குப் போய், ஆவணங்களைப் புரட்டி, சில பேரிடம் ஏமாந்ததையும் பார்த்த பிறகு எழுதுவது இது. ஆவணங்களைக் கடைசியாகச் சரிபார்க்க உங்களுக்கென்று ஒரு வக்கீல் வேண்டும். அவரிடம் போவதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை இவை.

பில்டர் நம்ம ஊர்க்காரர், குடும்பத்தையே தெரியும். இதற்கு மேல் என்ன விசாரிக்க வேண்டும்?

எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் வீடு வாங்குவது பெரும்பாலும் தெரிந்தவர் வழியாகத்தான் நடக்கிறது. ஒரே ஊர், ஒரே கோயில், ஒரே சர்ச், மாமனார் வழியில் சொந்தம் என்று ஏதோ ஒரு கயிறு இருக்கும். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

என் சித்தப்பா மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். பில்டர் அவன் மனைவி வீட்டுக்கு வேண்டியவர். அந்த ஒரு நம்பிக்கையில், ஒப்பந்தம் எதுவும் பதியாமல் மூன்று தவணையாக 14 லட்சம் அனுப்பினான். இரண்டாம் தளத்துக்குக் கான்கிரீட் போட்டதோடு வேலை நின்றது. எட்டு மாதம் கழித்து நான் போய்ப் பார்த்தேன். தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக் தாள் காற்றில் கிழிந்து தொங்கியது. கம்பியைத் தொட்டதும் விரலில் சிவப்பாகத் துரு ஒட்டியது. கடல் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது.

அந்த பில்டரை இன்றைக்கும் ஊரில் யாரும் கெட்டவர் என்று சொல்வதில்லை. இந்தக் கட்டடத்துக்கு வந்த பணத்தை எடுத்து இன்னொரு நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தார், அந்த நிலம் வழக்கில் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான் நடந்தது. மனிதர் நல்லவரா என்பதை ஊரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். உங்கள் பணம் உங்கள் கட்டடத்துக்குத்தான் போகிறதா என்பதை ஊரில் யாராலும் சொல்ல முடியாது. அதற்கு ஆவணம்தான் பார்க்க வேண்டும்.

சரி, முதலில் எந்த ஆவணம்?

ரெரா பதிவு. ரெரா என்று சுருக்கமாகச் சொல்வது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை, அதன்கீழ் அமைந்த ஆணையத்தையும் அப்படியே சொல்கிறோம். சட்டம் 2016-இல் வந்தது, 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. பதிவு செய்ய வேண்டிய திட்டமாக இருந்தால், பதிவு எண் கிடைப்பதற்கு முன் விளம்பரம் செய்யவோ அட்வான்ஸ் வாங்கவோ கூடாது. மீறினால் திட்டச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம்.

பதிவு எண்ணை பிரோஷரில் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பக்கத்து நிலத்தில் முடிந்துபோன பழைய திட்டத்தின் எண்ணைப் புதுத் திட்டத்தின் போர்டில் எழுதி வைத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எண்ணிலேயே அது கட்டடமா, லேஅவுட்டா (மனைப் பிரிவா), எந்த ஆண்டுப் பதிவு என்பது தெரியும். சர்வே எண், கிராமத்தின் பெயர், எத்தனை வீடு, எத்தனை மாடி ஆகியவை உங்களிடம் சொன்னதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

முக்கியமாக, முடிக்கும் தேதி. "18 மாதத்தில் சாவி" என்று ஆபீஸில் சொல்வார்கள். பதிவில் மூன்று வருடம் கழித்து ஒரு தேதி கொடுத்திருப்பார்கள். இரண்டில் எது ஒப்பந்தத்தில் எழுதப்படுகிறதோ அதுதான் உங்களுக்கு. வாயால் சொன்ன 18 மாதத்தை வைத்து எங்கேயும் போய் நிற்க முடியாது.

வாங்குவோர் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பதும் இந்தச் சட்டம்தான். இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் வேலை இவ்வளவு முடிந்தது என்று சான்று கொடுத்தால்தான் அதிலிருந்து எடுக்கலாம். அதனால், பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு எண் அந்தத் திட்டத்தின் கணக்கா, இல்லை பில்டரின் சொந்தக் கணக்கா என்று கேளுங்கள். என் தம்பி அனுப்பிய 14 லட்சமும் பில்டரின் மனைவி பெயரில் இருந்த சேமிப்புக் கணக்குக்குப் போனது.

"எங்கள் திட்டம் சின்னது, ரெரா தேவையில்லை" என்கிறார். உண்மையா?

உண்மையாக இருக்கலாம். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, எல்லாக் கட்டங்களையும் சேர்த்து வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ பதிவு தேவையில்லை என்கிறது சட்டம். 500 சதுர மீட்டர் என்றால் நம் கணக்கில் கிட்டத்தட்ட 12.36 சென்ட். மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் 20 சென்டை வாங்கி மூன்று நான்கு வில்லா கட்டி விற்பவர்கள் நிறைய. அவர்களில் பெரும்பாலோர் இந்த விலக்கில் வந்துவிடுவார்கள்.

ஆனால் ஒரே நிலத்தை "முதல் கட்டம், இரண்டாம் கட்டம்" என்று பிரித்துக் காட்டி விலக்கு கேட்பதும் நடக்கிறது. கட்டங்களைச் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். எதிரில் இருக்கும் காலி இடமும் அவருடையதா, அங்கே என்ன வரப்போகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

விலக்கு உள்ள திட்டம் என்றால் தனிக் கணக்கு, காலாண்டு அறிக்கை எதுவும் கிடையாது. அப்போது மற்ற எல்லாவற்றையும் இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும்.

நிலம் அவருடையதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த நிலத்தில் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். பட்டாவையும் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) வருவாய்த் துறையின் மின்சேவைத் தளத்தில் எடுக்கலாம். வில்லங்கச் சான்றிலும் பட்டாவிலும் பெயரும் பரப்பும் பொருந்த வேண்டும்.

வில்லங்கத்தில் பதிவானவை மட்டுமே வரும். பதியாத உயில், கோர்ட் வழக்கு, சொத்தில் பங்கு கேட்டுக் காத்திருக்கும் அத்தை, எதுவும் அதில் வராது. "வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது" என்ற ஒரு வரியோடு நின்றுவிடக் கூடாது.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1-க்கு முன்பு நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். அதனால் முன் ஆதாரங்கள், அதாவது பழைய பத்திரங்கள், பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டு போட்டு இருக்கும். 1101 என்று பார்த்தால் அது 1925-26. பெண் வழியில் சொத்து இறங்கும் மருமக்கள்வழிக் குடும்பங்களின் பழைய பாகப்பிரிவினை என்றால் ஒரே ஆதாரத்தில் பத்து இருபது பேர் வருவார்கள். அதில் யாருடைய பங்கு எப்போது யாருக்குப் போனது என்ற சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். பில்டரின் வக்கீல் கொடுத்த இரண்டு பக்கக் கருத்துரையை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மலையாளம் படிக்கத் தெரிந்த, உங்கள் காசில் வேலை செய்யும் வக்கீல் ஒருவர் வேண்டும். குழித்துறையிலும் பத்மநாபபுரத்திலும் அப்படிப்பட்ட மூத்த வக்கீல்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் ஃபீஸ்தான் இந்த மொத்தச் செலவில் மிகவும் மலிவானது என்பது என் அனுபவம்.

நிலத்துக்காரர் ஒருவர், கட்டுபவர் இன்னொருவர் என்றால் இருவருக்கும் உள்ள கூட்டு ஒப்பந்தத்தையும் பவர் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். பவர் பதிவானதா? விற்கும் அதிகாரமும் அதில் இருக்கிறதா? எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? அவர் இறந்துவிட்டால் சாதாரணமாக அந்தப் பவருக்கும் உயிர் போய்விடும். எந்தெந்த வீடுகள் நிலத்துக்காரர் பங்கு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரே வீட்டை இருவரும் விற்க முயன்று ஊரே கூடிய கதைகள் நம்மிடம் உண்டு.

காடு, கடல், வயல், கோயில் நிலம் என்றெல்லாம் பயமுறுத்துகிறார்களே?

பயப்படத்தான் வேண்டும். குமரி சின்ன மாவட்டம். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபக்கம் கடல், நடுவில் வயலும் குளமும். கட்டக்கூடிய நிலம் குறைவு, கட்டக்கூடாத இடத்தில் கட்டும் ஆசை அதிகம்.

மலையோரத்தில், தோவாளை, கல்குளம், விளவங்கோடு பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி வேண்டும். அதோடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று 1949-இல் இருந்து இருக்கிறது. அதன்கீழ் அறிவிக்கப்பட்ட நிலத்தை மாவட்ட அளவிலான குழுவின் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. பார்ப்பதற்கு ரப்பர்த் தோட்டம் மாதிரி இருக்கும், ஆவணத்தில் தனியார் காடு என்று இருக்கும்.

கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் மாதிரி கழிமுகங்கள் உள்ள இடத்தில் ஆற்றங்கரையிலும் கட்டுப்பாடு உண்டு. "கடல் பார்த்த வீடு" என்று விளம்பரம் வந்தால் முதலில் அந்த மண்டலத்தின் வரைபடத்தைக் கேளுங்கள்.

வயலை நிரப்பிய இடம்தான் நாஞ்சில் நாட்டில் அதிகம். கிராமத்து நில விவரங்கள் உள்ள 'அ' பதிவேட்டில் நஞ்சை என்றிருந்தால் நிலப் பயன்பாட்டை மாற்றிய ஆணை இருக்கிறதா பாருங்கள். புலப்படத்தில் அந்த நிலத்தின் ஓரத்திலோ நடுவிலோ ஓடை, கால்வாய் இருந்தால் நேரில் போய் அது எங்கே என்று தேடுங்கள். நான் ஒரு இடத்தில் தேடினேன். ஓடை இருக்க வேண்டிய இடத்தில் கார் நிறுத்தும் ஷெட் இருந்தது. 2021 நவம்பர் மழையில் தண்ணீர் எங்கே ஏறியது, எத்தனை நாள் நின்றது என்று பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். அவருக்கு உங்களிடம் விற்க எதுவும் இல்லை, உள்ளதைச் சொல்லிவிடுவார்.

கோயில் நிலமா என்பதை இந்து சமய அறநிலையத் துறையிடமும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது" என்றால் போதுமா?

லேஅவுட்டுக்குப் போதாது. நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன்பு அந்த அனுமதி இல்லாமல் போட்ட மனைகளுக்கு மட்டும், அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. கட்டடத்துக்கு, அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலையே கேட்டு வாங்கி, எத்தனை மாடி என்று எண்ணிப் பாருங்கள். மூன்று மாடிக்கு அனுமதி வாங்கி நான்காவது மாடியை விற்கிற கதையில் அந்த நான்காவது மாடிக்காரர் நீங்களாக இருக்கக் கூடாது.

பெரிய பேங்க்கே லோன் கொடுக்கிறதே?

ஒரு நல்ல அறிகுறிதான். ஆனால் பேங்க் பார்ப்பது தன் பணம் திரும்பி வருமா என்பதை. கட்டட வேலை நின்றுபோனாலும் மாதத் தவணை உங்கள் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டே இருக்கும்.

அவர் ஏற்கெனவே கட்டிய கட்டடத்தில் என்ன பார்ப்பது?

எனக்கு ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் செய்வேன். குறைந்தது மூன்று வருடம் பழைய கட்டடமாகத் தேர்ந்தெடுங்கள். பில்டர் கூட்டிப் போகும் கட்டடம் வேண்டாம், அவர் சொல்லாத கட்டடத்துக்குத் தனியாகப் போங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஜூனிலும் பெய்யும், அக்டோபர், நவம்பரிலும் பெய்யும். மழை விட்ட மறுநாள் போனால் கட்டடம் தானாகவே பேசும்.

மேல்தளத்து வீட்டுக்காரரிடம் போங்கள். ஒரு கட்டடத்தில் அப்படிக் கதவைத் தட்டினேன். ஒரு அம்மா திறந்தார். விஷயத்தைச் சொன்னதும், "வாங்க மோனே, பாருங்க" என்று படுக்கையறைக்குக் கூட்டிப் போனார். அலமாரிக்கு மேலே சுவர் கைப்பிடி அகலத்துக்கு உப்பி, பெயின்ட் தோலாக உரிந்திருந்தது. கீழே ஒரு வாளி. "நாலு தடவை சொல்லியாச்சு. ஆளு வருவான், புட்டி வச்சுப் பூசுவான், அடுத்த மழைக்கு மறுபடி வரும்" என்றார். அதே பில்டரின் வேறொரு கட்டடத்தில் எல்லாம் நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் கட்டிய மேஸ்திரிகள் வேறு என்று பிறகு தெரிந்தது. அதனால் ஒரு கட்டடத்தோடு நிற்காமல் இரண்டு மூன்று பாருங்கள்.

அங்கே கேட்க வேண்டியவை: சாவி சொன்ன தேதியில் வந்ததா? பணி நிறைவுச் சான்று கொடுத்தாரா? மின் இணைப்பு ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக வந்ததா, இல்லை கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே ஓட்டினாரா? குடியிருப்போர் சங்கம் அமைந்ததா, அதன் கணக்கு யார் கையில்? லிஃப்ட் பழுதானால் யார் வருகிறார்? செப்டிக் டேங்க் எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை நிரம்புகிறது? கிணற்றிலோ போரிலோ ஏப்ரல் மாதத்தில் தண்ணீர் எப்படி, உப்பு கரிக்கிறதா?

அப்புறம், சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் நீங்கள் சொன்ன 30 நாளுக்குள் பில்டர் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்பது ரெரா சட்டம். அந்த அம்மாவுக்கு இது தெரிந்திருக்கவில்லை. நான் சொன்ன பிறகு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தார்.

கடனும் வழக்கும் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். நாகர்கோவில், பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை, பூதப்பாண்டி என்று எல்லா நீதிமன்றங்களிலும் பாருங்கள். பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதிப் பார்க்க வேண்டியிருக்கும். கம்பெனியாக இருந்தால் கம்பெனிகள் விவகார அமைச்சகத் தளத்தில் இயக்குநர்கள் யார், என்ன கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று தெரியும். நிலத்தை பேங்க்கில் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் அந்த ஆவண ஒப்படைப்பு பெரும்பாலும் வில்லங்கத்தில் வரும். கடன் இருப்பது குற்றம் இல்லை. உங்கள் வீட்டை விடுவித்துத் தருவதாக பேங்க்கின் எழுத்து வேண்டும்.

எவ்வளவு அட்வான்ஸ் கொடுக்கலாம்?

ரெரா திட்டத்தில், விற்பனை ஒப்பந்தத்தைப் பதியாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 60 லட்சம் வீட்டுக்கு 6 லட்சம். "இப்போது 30 சதவீதம் கொடுத்தால் பழைய விலை" என்பவரிடம் ஒப்பந்தத்தை என்றைக்குப் பதிவார் என்று முதலில் கேளுங்கள்.

ரொக்கம் வேண்டாம். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. "பாதியைக் கையில் கொடுங்கள், முத்திரைக் கட்டணம் மிச்சம்" என்பார்கள். நாளைக்குப் பணத்தைத் திரும்பக் கேட்கும்போது ரசீது உள்ள பாதிக்குத்தான் வழி இருக்கும்.

ஜிஎஸ்டி கேட்கும்போதும் கவனியுங்கள். நம் மாதிரிப் பெருநகர் அல்லாத ஊரில், 45 லட்சத்துக்குள், கார்ப்பெட் ஏரியா 90 சதுர மீட்டருக்குள் உள்ள, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு 1 சதவீதம், மற்றதற்கு 5 சதவீதம். பணி நிறைவுச் சான்று வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுத்து வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது.

சதுர அடிக் கணக்கில் ஏதாவது?

கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். வெளிச்சுவர், பால்கனி, படிக்கட்டு எல்லாம் போக உள்ளே உள்ள இடம் அது. ரெராவில் விற்பனை அந்தக் கணக்கில்தான். நிலத்தில் உங்கள் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்பதும் எழுத்தில் வேண்டும். திறந்தவெளி பார்க்கிங் பொது இடம், அதைத் தனியாக விலை போட்டு விற்க முடியாது.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். எனக்கு யார் பார்ப்பார்கள்?

ஊரில் ஒருவருக்கு பவர் கொடுக்கலாம். அங்கே எழுதி அனுப்பும் பவருக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். பில்டருக்கோ, அவர் ஆபீஸில் வேலை பார்ப்பவருக்கோ, புரோக்கருக்கோ பவர் கொடுக்கவே கூடாது. எந்த வீடு, எவ்வளவு விலை என்று குறிப்பிட்டே எழுதுங்கள்.

ஒவ்வொரு தவணைக்கு முன்னும் உங்கள் ஆள் தளத்துக்குப் போய் வீடியோ கால் போட வேண்டும். பில்டர் அனுப்பும் போட்டோவில் எந்தக் கட்டடம், என்றைக்கு எடுத்தது என்று தெரியாது. அன்றைய தினத்தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு தூண் பக்கத்தில் நின்று காட்டச் சொல்வார் துபாயில் இருக்கும் எங்கள் மாமா ஒருவர். இப்போது நானும் அப்படித்தான் செய்கிறேன்.

இவ்வளவு கேட்டால் பில்டர் கோபப்பட மாட்டாரா?

சிலர் படுவார்கள். "நம்பிக்கை இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்" என்று ஒருவர் எங்களிடம் சொன்னார். எழுந்து வந்துவிட்டோம். கோட்டாறு பக்கம் இன்னொருவர், நான் பட்டியலை எடுக்கும் முன்பே ஒரு பச்சை ஃபைலை மேசையில் வைத்து, "ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி, வக்கீலைக் காட்டிட்டு வாங்க, அட்வான்ஸ் அப்புறம் பேசலாம்" என்றார். அவரிடம்தான் எங்கள் அத்தை வாங்கினார்.

பணம் கட்டியாகிவிட்டது, வேலை நின்றுவிட்டது. இனி?

ரெரா பதிவு உள்ள திட்டம் என்றால் ரெராவில் புகார் கொடுங்கள். சொன்ன தேதியில் வீடு தராவிட்டால் விலகிக்கொண்டு வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது தாமதத்துக்கு மாதாமாதம் வட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்காகக் காத்திருக்கலாம். முடிவு உங்களுடையது. பதிவு செய்ய வேண்டிய திட்டத்தைப் பதியாமல் நடத்துகிறார் என்றால் அதையும் ரெராவில் புகாராகவே கொடுக்கலாம். விலக்கு உள்ள சின்னத் திட்டம் என்றால் நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்தில், அதாவது நாகர்கோவிலிலேயே, கொடுக்கலாம். பிரச்சினை தொடங்கியதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பேசிப் பேசியே பலர் இந்த இரண்டு வருடத்தைத் தாண்டிவிடுகிறார்கள்.

அதே கட்டடத்தில் பணம் கட்டிய மற்றவர்களைத் தேடிப் பிடியுங்கள். என் தம்பி தனியாக இருந்தவரை பில்டர் போனை எடுக்கவில்லை. ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரே வக்கீலிடம் போனதும், மறு வாரமே பேச வந்தார். ஒப்பந்தம் இல்லாததால் மூன்று வங்கி ரசீதுகளும், "வீட்டுக்கான இரண்டாம் தவணை கிடைத்தது" என்று பில்டர் அனுப்பிய ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தியும்தான் அவன் கையில் இருந்தன. அந்தச் செய்தியை அவன் அழித்துவிடாமல் வைத்திருந்தான்.